ஒரு டியூப் ரத்தத்தில் எல்லா விஷமும் தெரிந்துவிடுமா?

சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பெயின்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது:

"அண்ணே, இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. டாங்கிக்குள் இறங்கி ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் வேலை. சாயந்திரம் ஆனால் தலைவலி. சில நாள் லாரியை விட்டு இறங்கும்போது கால் தரையில் படாத மாதிரி இருக்கும். கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை காலை ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்று தாள் வந்தது. ரத்தத்தை மெஷினில் போட்டால் உடம்பில் எந்த விஷம் இருந்தாலும் காட்டிவிடும், உனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போதவில்லை என்கிறான் ரூமில் இருப்பவன். அது சரியா?"

3 மார்ச் 2025, திங்கள், இரவு 9.40

சரியில்லை தம்பி. அப்படி ஒரு மெஷின் எங்கேயும் இல்லை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், ரத்தத்தில் விஷம் தேடும் பிரிவிலேயே இருபத்து நாலு வருஷம் இருந்தவன் நான். கேட்டதற்குத்தான் மெஷின் பதில் சொல்லும். கேட்காததைப் பற்றி வாயே திறக்காது.

முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின், வெள்ளை அணு, ஈரல், சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்பு, இவ்வளவுதான் இருக்கிறதா? அப்படியென்றால் பெயின்டில் கலக்கும் தின்னரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. தின்னரில் இருக்கும் டொலுயீன், சைலீன் என்று பெயர் போட்டு, எதிரே ஓர் எண் இருந்தால்தான் அதைத் தேடினார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது அந்தத் திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை ஆறு மணிக்கு டாங்கியை விட்டு ஏறியிருப்பீர்கள். ஞாயிறு முழுக்க தேக்கா கடைத்தெரு, கோயில், தூக்கம். திங்கள் காலை எட்டு மணிக்கு ஊசி குத்தினால் நடுவில் முப்பத்தெட்டு மணி நேரம் ஓடிவிட்டது. ரத்தத்தில் இருக்கும் டொலுயீன் முதல் சில மணி நேரத்திலேயே மளமளவென்று இறங்கிவிடும். கொழுப்பில் ஒதுங்கியது மட்டும் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். மழை விட்ட மறுநாள் வந்து முற்றத்தைத் தொட்டுப் பார்த்து, மழையே பெய்யவில்லை என்று எழுதிக் கொடுத்த கதைதான் இது.

சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தின்னர் டின்னின் லேபிளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரிடம் "கெமிக்கல்" என்று சொன்னால் போதாது, பெயர் வேண்டும்.

3 மார்ச், இரவு 11.15

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெயர் கேஸ் குரோமட்டோகிராஃபி. ஊரில் பாடப்புத்தகத்தில் வாயு வண்ணப்பிரிகை என்று போட்டிருப்பார்கள். வண்ணம் எதுவும் இதில் தெரியாது. 1900களின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் இலைச்சாற்றின் நிறங்களைச் சுண்ணாம்புத் தூள் குழாயில் ஊற்றிப் பிரித்தார், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாயுவை வைத்துப் பிரிக்கும் இந்த முறையை 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸும் மார்ட்டினும் வெளியிட்டார்கள். அதே வருஷம் மார்ட்டினுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பரிசு இதற்கு முந்தைய பிரிகை வேலைக்காக.

ரத்தத்தை நேராக மெஷினுக்குள் விடுவதில்லை. விட்டால் புரதம் கருகி எல்லாம் அடைத்துக்கொள்ளும். ரசச் சட்டியை மூடி வைத்துத் திறந்தால் முகத்தில் அடிக்கிறதே ஒரு வாசம், அந்த வாசத்தை மட்டும்தான் எடுக்கிறோம். ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு ரத்தம். அதோடு, ஒப்பிட்டு அளப்பதற்காக, தெரிந்த அளவு புரோப்பனால் என்ற ஆல்கஹால் கலந்த நீர். இரண்டையும் கண்ணாடிக் குப்பியில் விட்டு, ரப்பர் வைத்த அலுமினிய மூடியை இறுக்கி நெரிப்போம். குப்பியை அறுபது, எழுபது டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால், ஆவியாகக் கூடியது ரத்தத்தை விட்டு மேலே உள்ள காற்றில் போய் நிற்கும். எவ்வளவு ரத்தத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் மேலேயும் இருக்கும். ஊசி அந்தக் காற்றில் கொஞ்சம் உறிஞ்சும்.

பிறகு அது நீளமான, மெல்லிய குழாய்க்குள் போகும். ஆங்கிலத்தில் இதன் பெயரைத் தமிழில் எழுதினால் "காலம்" என்று வந்து நேரத்தோடு குழம்பும், அதனால் குழாய் என்றே சொல்கிறேன். முப்பது மீட்டர் குழாயைச் சுருட்டி ஒரு அடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கும். உள்சுவரில் மெல்லிய பூச்சு. ஹீலியம் தள்ளிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பொருளும் அந்தப் பூச்சில் வெவ்வேறு அளவுக்கு ஒட்டி ஒட்டி நகரும். விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால் முதலில் வெளியே வரும், குடிக்கும் மதுவில் இருக்கும் எத்தனால் பின்னால் வரும். கடைசியில் சின்ன ஹைட்ரஜன் சுடர். அதில் எரியும்போது உண்டாகும் மின்னோட்டம் திரையில் மேடாக ஏறி இறங்கும். எங்கள் பேச்சில் பீக். பீக் எப்போது வந்தது என்பதை வைத்து ஆள் யார் என்று ஊகிக்கலாம், பீக்கின் பரப்பை வைத்து எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

ஊகிக்கலாம் என்றுதான் சொன்னேன். இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளியே வரலாம். அதனால்தான் வேறு பூச்சு உள்ள இரண்டாவது குழாயிலும் ஓட்டுவோம். இரண்டிலும் தன் தன் நேரத்துக்குச் சரியாக வந்தால்தான் பெயர் எழுதுவோம். ஒரே குழாயில் ஒரே பீக்கைப் பார்த்துப் பெயர் எழுதுகிற ஆய்வுக்கூடத்தை நான் நம்ப மாட்டேன்.

4 மார்ச், காலை 7.05

ஈயத்தையும் இதிலேயே பார்க்கலாமா என்று பேட்டரி கடையில் வேலை பார்ப்பவர் கேட்டிருக்கிறார். முடியாது. ஆவியாகிறதுதான் இந்தக் குழாய்க்குள் போகும், ரத்தத்தில் இருக்கும் ஈயம் பறக்காது. பாதரசம், காட்மியம், ஆர்செனிக் எல்லாவற்றுக்கும் வேறு கருவி. பூச்சிமருந்து வேலையா? ஆர்கனோபாஸ்பேட் வகைக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அது ஹீமோகுளோபினைப் பிடித்திருக்கிற விகிதம். பல மாத்திரைகளுக்குத் திரவத்தில் பிரிக்கும் மெஷின். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி.

6 மார்ச், வியாழன், இரவு

கள்ளக்குறிச்சியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் போனார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நான் இரவு வேலையில் இருந்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கூட்டாளிகள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் யாரோ கொடுத்த சரக்கு. முந்தின நாள் சும்மா போதை மாதிரிதான் இருந்ததாம். விடிந்ததும் கண் முன்னால் எல்லாம் வெள்ளையாக, பனி மூட்டத்துக்குள் நிற்பது போல் இருக்கிறது என்றாராம். டாக்டர் ஃபோனில் சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒன்றரை மணிக்கு டியூப் கைக்கு வந்தது. அவசரத்தில் ரத்தத்தை மட்டும் ஓட்டிவிட முடியாது. முதலில் வெறும் நீர், பிறகு அளவு தெரிந்த கரைசல்கள், பிறகுதான் அவர் ரத்தம், அதுவும் இரண்டு குப்பியில். நெரித்த மூடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகிப் பார்ப்பேன். அசைந்தால் கசிகிறது என்று அர்த்தம், அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒன்று அசைந்தது. மறுபடி எடுத்தேன்.

எத்தனால் வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு. அதற்கு முன்னாலேயே, மெத்தனால் இடத்தில், திரையைத் தொடுகிற மாதிரி ஒன்று ஏறி நின்றது. நூறு மில்லிலிட்டருக்கு 72 மில்லிகிராம். 20-ஐத் தாண்டினால் விஷமுறிவு மருந்து, 50-ஐத் தாண்டினால் ரத்தச் சுத்திகரிப்பு என்பது பழைய நடைமுறைக் கணக்கு. எண்ணை டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னேன், அவரும் திருப்பிச் சொன்னார்.

மெத்தனால் தானாகப் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஈரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்கி, அங்கிருந்து ஃபார்மிக் அமிலமாக்கும். அதுதான் கண் நரம்பைத் தின்கிறது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்தான் பிடிக்கும். அதனால் எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி நொதியின் கையைக் கட்டிப்போடலாம், இல்லாவிட்டால் ஃபோமெபிசோல் மருந்து. அவருக்கு எத்தனால் ஏற்றினார்கள். சில மணிக்கு ஒரு டியூப் கீழே வரும். திரையில் முன்மேடு ஒவ்வொரு தடவையும் குட்டையாகும், பின்மேடு அதே உயரத்தில் நிற்க வேண்டும். மறுநாள் மதியம் வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. பார்வை முழுசாக இல்லாவிட்டாலும் ஆள் முகம் தெரியும் அளவுக்குத் திரும்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்படியென்றால் வீட்டிலேயே ஒரு பெக் பிராந்தி ஊற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

7 மார்ச், காலை 6.30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ மெத்தனால் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் தப்பித்தோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நினைக்க வைத்தது என் எழுத்துதான், அதனால் மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

அதே பாட்டிலில் குடித்த இன்னொருவர் இருந்தார். தலைவலி என்று படுத்திருந்தார், ஒரு நாள் பிந்தித்தான் வந்தார். அவர் ரத்தத்தில் மெத்தனால் இருந்தது, இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான். எண்ணைப் பார்த்து எனக்குள் ஒரு நிம்மதி. டாக்டர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றுமே பேசவில்லை. மெத்தனால் இல்லை, ஏனென்றால் அது முழுக்க அமிலமாக மாறி முடிந்துவிட்டது. ரத்தம் அமிலமேறிக் கிடந்தது. எங்கள் சுடரில் ஃபார்மிக் அமிலம் பீக் போடுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் திரை சுத்தமாக இருந்தது. அவருக்குப் பார்வை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு மெத்தனால் குறைவாக வந்த எந்தத் தாளையும் நான் எண்ணோடு மட்டும் அனுப்பியதில்லை. குடித்து எத்தனை மணி நேரம், ரத்தத்தின் அமிலநிலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

9 மார்ச், ஞாயிறு, மதியம்

துவாஸ் தம்பி, உங்கள் தனிச்செய்தியைப் பார்த்தேன். "ரத்தம் எடுத்த டியூபே கெட்டுப்போயிருக்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். அது நடக்கக்கூடியதுதான். நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பட்டறையிலிருந்து ஏழு பேர் ரத்தம் வந்தது. பெயின்டர்கள் ஆறு பேர், கணக்கு எழுதும் பெண் ஒருவர். ஏழு பேரிடமும் டொலுயீன். பெயின்டர்களுக்குச் சரி, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் எங்கள் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். பெருங்காய டப்பாவைக் கழுவினாலும் வாசம் போகாதே, அதுபோல அளவு கூடின ரத்தம் ஒன்று ஓடினால் அடுத்த ஓட்டத்தில் அதன் மிச்சம் தெரியும். நடுவில் வெறும் நீர் வைத்து ஓட்டிப் பார்த்தேன், சுத்தம். அப்புறம் அந்த கிளினிக்கைக் கூப்பிட்டு, அதே பெட்டியிலிருந்து உபயோகிக்காத டியூப் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். அதில் நீரை ஊற்றி, மூடி, ஒரு நாள் வைத்து ஓட்டினால் டொலுயீன் வருகிறது! விசாரித்தால் பெட்டி பட்டறையின் முதலுதவி அறையில், தின்னர் அலமாரிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. டியூப் மூடியின் ரப்பர் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே விட்டிருக்கிறது. ரப்பர் மூடியிலிருந்து இப்படிக் கசிவது தெரிந்த விஷயம்தான். மிகக் குறைந்த அளவை அளக்கும் அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்தில் டியூபைச் சூடேற்றிச் சுத்தம் செய்த பிறகே ரத்தம் எடுக்கிறார்கள்.

"மாதிரி மாசுபட்டது, முடிவு செல்லாது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நிறுவனம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பார், டியூப்தான் தப்பு, நம் ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று கோப்பை மூடப் பார்த்தது. செல்லாது என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம். அதை நான் தாளில் எழுதவில்லை. "புது டியூபில் மறுபடி எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். தொழிற்சாலை டாக்டர் விடாப்பிடியாக நின்றதால்தான் மறுபடி எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆறு பெயின்டர்களில் நான்கு பேருக்கு அப்போதும் இருந்தது.

ஆகவே தம்பி, டியூப் கெட்டிருந்தால் அதற்குப் பதில் புது டியூப். சூப்பர்வைசரிடம் மரியாதையாக அதைச் சொல்லுங்கள்.

10 மார்ச்

சுருக்கமாக இரண்டு விஷயம்.

வண்டி ஓட்டுகிற அண்ணன் கேட்டதற்கு: சிங்கப்பூரில் எல்லை நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால், மூச்சில் நூறு மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம். உங்கள் மருத்துவமனைத் தாளில் 90 என்று இருப்பது சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில் அளந்தது. சீரத்தில் நீர் கூடுதல், அதனால் ஆல்கஹாலும் முழு ரத்தத்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 90-ஐ 1.15-ஆல் வகுத்தால் 78. இதை வைத்து வழக்காட முடியும் என்று சொல்லவில்லை, இரண்டும் ஒரே எண் என்று குழம்ப வேண்டாம் என்கிறேன். 78 இருக்கும்போது வண்டி எடுத்ததே தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆல்கஹால் அளக்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைக்கக் கூடாது. சாம்பல் நிற மூடி டியூபில் எடுப்பார்கள், உள்ளே சோடியம் ஃப்ளூரைடு இருக்கும். அது இல்லாவிட்டால் கிருமி புகுந்து டியூபுக்குள்ளேயே சர்க்கரையைச் சாராயமாக்கக் கூடும்.

14 மார்ச், வெள்ளி, இரவு 10.20

தம்பி, நாளைக்கு நீங்கள் டாக்டரிடம் போவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும். 3-ஆம் தேதி நான் சொன்னதில் ஒரு திருத்தம்.

சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு ரத்தம் என்று எழுதினேன். அந்த நேரத்தில் ரத்தத்தில் நிறைய இருக்கும், உண்மைதான். ஆனால் டாங்கியை விட்டு ஏறி ஐந்து நிமிஷத்தில் எடுத்தால் ஓர் எண், முகம் கழுவி டீ குடித்துவிட்டு எடுத்தால் வேறு எண். அவ்வளவு வேகமாக இறங்கும். அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு ரத்த டொலுயீனுக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். அது வாரத்தின் கடைசி ஷிஃப்டுக்கு முன்னால் எடுத்த ரத்தத்துக்கானது. வாரம் முழுக்கக் கொழுப்பில் சேர்ந்தது அப்போதுதான் நிதானமாகத் தெரியும். வேலை முடிந்து எடுக்க வேண்டியது சிறுநீர். அதில் டொலுயீனையோ, அது உடம்பில் மாறி உண்டாகும் ஆர்த்தோ கிரெசாலையோ பார்ப்பார்கள். டொலுயீன் மாறி வரும் இன்னொரு பொருளான ஹிப்பூரிக் அமிலம் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், பாட்டில் பானத்திலும் சாஸிலும் இருக்கும் சோடியம் பென்சோயேட்டே அதைக் கூட்டிவிடும் என்று சொல்லுங்கள்.

அதனால் ரத்தம் சனி காலை, டாங்கியில் இறங்குவதற்கு முன். சிறுநீர் சனி மாலை, ஏறிய பிறகு. இரண்டிலும் தேதியும் மணியும் எழுதச் சொல்லுங்கள். மணி இல்லாத டியூபை என்னிடம் கொடுத்தால் எண் சொல்வேன், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாது.

முகமூடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளே இருக்கும் கரி நிரம்பிவிட்டால் ஆவி அப்படியே உள்ளே வரும். முகமூடி போட்டும் தின்னர் வாசம் வந்தால் அந்த நிமிஷமே வெளியே வாருங்கள். மூடிய டாங்கிக்குள் கரி டப்பா மட்டும் போதாது, வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வர வேண்டும். இதை மனிதவள அமைச்சுக்குச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் போன்றவற்றோடு வேலை செய்பவர்களுக்கு இங்கே சட்டப்படியே மருத்துவப் பரிசோதனை உண்டு. உங்கள் டின்னில் பென்சீன் இருக்கிறதா என்று அந்த லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்து மங்கலாக இருக்கிறது. வெளிச்சத்தில் இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்கள்.

15 மார்ச், சனி, இரவு 8.50

படம் வந்தது. டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிட்டேட். பென்சீன் பெயர் இல்லை. டாக்டரிடம் இதே படத்தைக் காட்டுங்கள்.

டியூபில் மணி எழுதினார்களா?

15 மார்ச், இரவு 9.15

பதில் வந்துவிட்டது. ரத்தம் காலை 7.20, இடது கை, புதுப் பெட்டியிலிருந்து எடுத்த டியூப். சிறுநீர் மாலை 6.10. தம்பியே பேனா வாங்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்.